ஜூலையில் சேர்ந்தால் பாடத் தேர்வு எப்படி? என் அனுபவம்

மெல்பர்னில் ஐடி இளங்கலைக்கு ஜூலையில் சேர்ந்தேன். பருவத்துக்கு நான்கு பாடங்கள். மூன்று பதிவாகிவிட்டன, டேட்டாபேஸ் மட்டும் 'முன்தேவை நிறைவேறவில்லை' என்று திரும்பியது; அதாவது, அதற்கு முன் முடிக்க வேண்டிய பாடத்தை நான் முடிக்கவில்லையாம். நான் வைத்திருந்த முதலாண்டுப் பட்டியலில் அதற்கு முன்தேவையே கிடையாது! பிரவுசரை மாற்றினேன், லேப் நேரத்தை மாற்றினேன். உதவி மையத்தில் 'காத்திருங்கள்' என்றார்கள். எரிச்சல்தான்.

அப்புறம் பல்கலைக்கழக இணையதளத்தில் உள்ள பாடக் கையேட்டுப் பக்கத்தின் மேலே, ஆண்டைத் தேர்ந்தெடுக்கும் சின்னப் பெட்டி கண்ணில் பட்டது. கூகுளில் தேடினால் திறப்பது போன ஆண்டுப் பதிப்பு; என் பட்டியலும் அதிலிருந்துதான். நமக்குச் செல்லுபடியாவதோ நாம் சேர்ந்த ஆண்டின் பதிப்பு. ஆண்டை மாற்றியதும், கீழே ஜூலைக்காரர்களுக்கென்றே தனி அட்டவணை இருந்தது: இந்தப் பருவத்தில் புரோகிராமிங், அதை முடித்தபின் பிப்ரவரியில் டேட்டாபேஸ். காலியான இடத்தில் நெட்வொர்க்கிங்கைப் போட்டேன். சரி, உடனே பதிவாகிவிட்டது.