‘லெ சமுராய்’ பற்றி எழுதும் முன்

ழான்-பியர் மெல்வில் 1967இல் எடுத்த ‘லெ சமுராய்’ என்ற பிரெஞ்சுப் படம் பற்றி இரண்டு விதமான கருத்துகளைத்தான் அதிகம் பார்க்கிறேன். ஒரு சாரார் கதாநாயகன் ஆலன் டெலோனின் கோட்டையும் தொப்பியையும் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறார்கள். இன்னொரு சாரார் படத்தில் ஒன்றுமே நடக்கவில்லை என்று அலுத்துக்கொள்கிறார்கள். இரண்டு சாராரும் கோட்டைவிடுவது ஒரே இடத்தில்தான். டெலோன் நடித்த ஜெஃப் கோஸ்டெலோ என்கிற அந்தக் கூலிக்கொலையாளி என்ன செய்கிறான் என்பதை யாரும் சரியாகக் கவனிப்பதில்லை. (படத்தின் முடிவையும் பேசப்போகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.)

முதலில் ஒரு தகவல் பிழை. சாமுராய் என்னும் ஜப்பானியப் போர்வீரனின் தனிமை பற்றி ஆரம்பத்தில் திரையில் வரும் வாசகத்தை ஜப்பானியப் பழைய நூலின் வரி என்று பலர் எடுத்துப் போடுகிறார்கள். ‘புஷிடோ’ (சாமுராய்களின் நெறி) என்று கீழே பெயர் இருந்தாலும், அது மெல்வில் தானே எழுதிச் சேர்த்தது.

‘முகத்தில் ஒரு பாவனையும் இல்லை, இதெல்லாம் நடிப்பா?’ என்ற கேள்வியும் அடிக்கடி வரும். முதல் பத்து நிமிடம் போல வசனமே கிடையாது. அதில் ஜெஃப் ஒரு சிட்ரோயன் காரைத் திருட ஏறி உட்கார்கிறான். பெரிய சாவிக்கொத்தைப் பக்கத்து இருக்கையில் வைத்து, ஒவ்வொரு சாவியாக எடுத்துப் போட்டுப் பார்க்கிறான். அவசரமே இல்லை. பார்வை கண்ணாடிக்கு வெளியே இருக்கிறது, கைதான் வேலை செய்கிறது. பிறகு அவன் அறைக்குள் நுழையும் போலீஸ்காரர்களும் அதே மாதிரி ஒரு சாவிக்கொத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக முயல்கிறார்கள். திருடனின் கையும் போலீஸின் கையும் ஒரே வேலையைச் செய்கின்றன. இதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. போனை நோண்டிக்கொண்டு பார்த்தால் இது கண்ணிலேயே படாது.

அவர்கள் ஒட்டுக்கேட்கும் கருவியை வைத்துவிட்டுப் போன பிறகு ஜெஃப் திரும்பி வருகிறான். அவன் வளர்க்கும் கூண்டுக் குருவி நிலைகொள்ளாமல் இருக்கிறது, இறகுகள் உதிர்ந்து கிடக்கின்றன. அதைப் பார்த்தே யாரோ வந்து போயிருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டு அறையைத் துழாவுகிறான். பயம், சந்தேகம், எச்சரிக்கை மூன்றையும் டெலோன் கண்ணை மட்டும் வைத்துக் காட்டுகிற இடம் இது. இதற்கு மேல் என்ன நடிப்பு வேண்டும்?

கொண்டாடுகிறவர்களின் தவறு வேறு. மையப் பாத்திரம் என்பதாலேயே அவனை நல்லவனாக்கிவிடுகிறார்கள். ஒரு இரவு கிளப்பின் முதலாளியை அவன் சுடுவது எந்தப் பகையாலும் இல்லை, காசுக்காக. தன்னை நேசிக்கும் ஜேனைப் பொய்ச்சாட்சியாகப் பயன்படுத்துகிறான். அதற்காகப் போலீஸ் படுத்தும் பாட்டையெல்லாம் அவள்தான் தாங்க வேண்டியிருக்கிறது. ஜேன் பற்றி ஒரு வரிகூட இல்லாத விமர்சனங்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். ஃபிரான்சுவா பெரியே நடித்த கமிஷனரையும் பலர் விட்டுவிடுகிறார்கள். அவர் ஜேன் வீட்டுக்கே போய், சாட்சியை மாற்றிச் சொல்லும்படி நைச்சியமாக மிரட்டுகிறார். சட்டத்தின் பக்கமும் கை சுத்தமில்லை.

அடுத்தது ‘லாஜிக்’. 1967 பாரிஸில் யார் இப்படித் தொப்பி போட்டுக்கொண்டு கொலை செய்யப் போவார்கள் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மெல்வில் அன்றைய பாரிஸைப் படம்பிடிக்க வரவில்லை. பழைய ஹாலிவுட் கேங்ஸ்டர் படங்களில் ஊறிய மனிதர் அவர். ஹென்றி தெகாயின் ஒளிப்பதிவில் நிறங்கள் சாம்பலும் மங்கிய நீலமுமாக இருப்பதும் வேண்டுமென்றே செய்ததுதான். டிவியில் வெளிச்சத்தைக் கூட்டிவைத்துப் பார்த்துவிட்டுப் பிரிண்ட் சரியில்லை என்று எழுதாதீர்கள்.

அப்புறம், ‘காலித் துப்பாக்கியோடு போய்ச் சாகிறானே, முட்டாள்தனம்’ என்கிற பேச்சு. கடைசியாகக் கிளப்புக்கு வரும்போது தொப்பியைக் கவுண்டரில் கொடுக்கிறான், டோக்கனை எடுக்காமல் நகர்கிறான். திரும்ப வாங்க வரப்போவதில்லை என்று அங்கேயே தெரிந்துவிடுகிறது. துப்பாக்கியில் தோட்டா இல்லை என்ற விவரம் அதற்குப் பிறகுதான் வருகிறது. அவன் ஏமாந்து சாகவில்லை, முடிவெடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறான். ஏன் அந்த முடிவு என்பதில் எத்தனை கருத்து வேண்டுமானாலும் இருக்கலாம், அதைத்தான் எழுத வேண்டும்.

‘இந்த மாதிரி மௌனக் கொலையாளியை எத்தனை படத்தில் பார்த்தாச்சு’ என்று சொல்லும் முன் வருடத்தைப் பாருங்கள். ஹாங்காங் இயக்குநர் ஜான் வூ உட்பட, பின்னால் வந்த பலர் எடுத்துக்கொண்டது இங்கிருந்துதான்.