மண்கல் வீட்டில் குடியிருக்கப் பழகுவது எப்படி?

மண் வீடு தானாகவே குளுகுளுவென்று இருக்கும் என்று நம்பித்தான் நானும் குடிபோனேன். முதல் கோடையில், காற்று வரட்டுமே என்று பகல் முழுக்க ஜன்னல்களை விரியத் திறந்துவைத்தேன். வந்தது அனல். ராத்திரியானதும் கொசுவுக்குப் பயந்து எல்லாவற்றையும் சாத்தினேன். நாலே நாளில் வீடு அடுப்பாகிவிட்டது. நான் செய்தது அத்தனையும் தலைகீழ்!

வெயிலில் காயவைத்த மண்கல் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாக உள்ளே கடத்தும். 30 செ.மீ. கனமுள்ள சுவரில் வெளியே ஏறிய சூடு உள்பக்கம் வந்துசேர ஏறக்குறைய 8 முதல் 10 மணி நேரம் பிடிக்கும். மாலை 4 மணிக்கு மேற்குச் சுவரின் வெளிப்பக்கம் கை வைக்க முடியாத அளவு கொதிக்கும். உள்ளே அதே இடம் சில்லென்றிருக்கும். நள்ளிரவு தாண்டித் தொட்டுப் பாருங்கள், உள்பக்கம் வெதுவெதுவென்றிருக்கும். இந்தத் தாமதத்தை வைத்துத்தான் நம் வேலையெல்லாம்.

படி 1: அளந்து பாருங்கள்

இரண்டு வெப்பமானி போதும். ஒன்று உள்ளே, ஒன்று வெளியே நிழலில். ஒரு வாரம், இரண்டு மணிக்கொரு தரம் குறித்துவையுங்கள். வெளியே எப்போது உள்ளேயைவிடச் சூடாகிறது, எப்போது குளிர்கிறது என்ற இரண்டு நேரமும் பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது.

படி 2: கோடைப் பகலில் மூடுங்கள்

வெளி வெப்பம் உள் வெப்பத்தைத் தாண்டும் முன்பே ஜன்னல்களைச் சாத்துங்கள். வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே மறிக்க வேண்டும். நீண்ட இறவாரம், கொடிப்பந்தல், மூங்கில் தட்டி எதுவானாலும் சரி. உள்ளே தொங்கும் திரை வெளிச்சத்தைக் குறைக்கும். சூடு அதற்குள் வீட்டுக்குள் வந்திருக்கும்.

படி 3: ராத்திரி திறங்கள்

வெளியே குளிர்ந்ததும் காற்று வரும் பக்கம் தாழ்வான ஜன்னலையும், எதிர்ப்பக்கம் உயரமான வென்டிலேட்டரையும் திறந்துவிடுங்கள். சூடான காற்று மேலே ஏறி வெளியேறும். கீழே குளிர்காற்று நுழையும். கொசுவலை அடித்துவிட்டால் பயம் இல்லை. விடியும்வரை திறந்திருந்தால்தான் சுவர் தன் சூட்டை முழுக்க இறக்கிவைக்கும். சுவரை ஒட்டிப் பெரிய அலமாரியை நிறுத்தாதீர்கள். நான் நிறுத்தினேன், பின்னால் பூஞ்சை படர்ந்து புத்தகங்கள் போயின.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: பகலுக்கும் இரவுக்கும் 10 டிகிரியாவது வித்தியாசம் இருக்கும் வறண்ட இடத்தில்தான் இந்த முறை ஜோராக வேலை செய்யும். இரவிலும் புழுங்கும் ஈரப்பதமான ஊரில் நிழலையும் குறுக்குக் காற்றையும் நம்புங்கள். மின்விசிறி போடுவதில் வெட்கம் வேண்டாம்.

படி 4: குளிர்காலத்தில் வெயிலை உள்ளே விடுங்கள்

பூமத்திய ரேகைக்கு வடக்கே, குளிர்காலச் சூரியன் தெற்கே சாய்ந்து தாழப் போகும். அப்போது தெற்கு ஜன்னல் வழியாக வெயில் தரையில் நீளமாக விழும். (தெற்கு அரைக்கோளத்தில் வடக்கு ஜன்னல்.) அந்த இடத்தில் கம்பளம் விரிக்காதீர்கள், தரையே சூட்டைக் குடிக்கட்டும். வெயில் நகர்ந்ததும் கனத்த திரையை இழுத்து மூடுங்கள். கடுங்குளிர்ப் பிரதேசத்தில் மண் சுவர் மட்டும் போதாது. வெளிப்பக்கம் வெப்பக்காப்பு அடுக்கு இல்லாவிட்டால் சேர்த்த சூடெல்லாம் வெளியே போய்விடும்.

படி 5: சுவரை ஈரத்திலிருந்து காப்பாற்றுங்கள்

மண்கல்லுக்கு எமன் தண்ணீர்தான். சிமென்ட் பூச்சு பூசலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வேண்டவே வேண்டாம். அது விரிசல் விடும். உள்ளே போன தண்ணீர் வெளியேற வழியில்லாமல் பூச்சுக்குப் பின்னால் மண் கரையும். மேலே பளபளவென்றிருக்கும், தட்டினால் பொள்ளென்று சத்தம் கேட்கும். மண் பூச்சோ சுண்ணாம்புப் பூச்சோ என்றால் ஈரம் வந்த வழியே ஆவியாகிப் போகும்.

மழைக்காலத்துக்கு முன் வீட்டை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். கூரைத் தண்ணீர் தெறித்துச் சுவரடி அரிக்கிறதா என்று குனிந்து பாருங்கள். சின்ன வெடிப்புகளை நாமே அடைக்கலாம். முதலில் வெடிப்பைச் சுரண்டி, தண்ணீர் தெளித்து நனையுங்கள். காய்ந்த சுவரில் புது மண் ஒட்டாது. பிறகு அதே வீட்டு மண்ணைச் சலித்து, நறுக்கிய வைக்கோல் கலந்து, பிசைந்த மாவு பதத்தில் கட்டைவிரலால் ஆழமாக அழுத்துங்கள். பாதி காய்ந்ததும் ஈரத்துணியால் ஒரு தேய் தேய்த்தால் ஒட்டுப்போட்ட இடமே தெரியாது.