லேசான சளிதானே என்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன்

சென்னையில் கத்திரி வெயில் முடிகிற சமயத்தில் டர்பனில் எங்களுக்குக் குளிர் ஆரம்பிக்கும், கூடவே ஃப்ளூவும். தென்னாப்பிரிக்காவில் பெரும்பாலும் ஏப்ரல் கடைசி அல்லது மே மாதம் தொடங்கி ஆகஸ்ட், செப்டம்பர் வரை இழுக்கும். சரியாக நடுவில் ஆடி வந்துவிடும். ஞாயிறு காலை மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிவிட்டு, மத்தியானம் அதே புடவை, அதே விபூதியோடு, ஆஸ்பத்திரியில் கிடக்கிற ஆயாவை, அதாவது பாட்டியைப் பார்க்க ஒரு வண்டி நிறைய ஆட்கள் கிளம்புவோம். போகாவிட்டால் பேச்சு வருமே!

முதல் தவறு அங்கேதான். போகக்கூடாத உடம்போடு, முகம் காட்டுவதற்காகப் போவது. இதை நானே செய்திருக்கிறேன். இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த பெரியம்மாவைப் பார்க்க, காலையில் உடம்பு கொஞ்சம் சுட்டதால் இரண்டு பனாடோ (இங்கே கிடைக்கிற பாராசிட்டமால் காய்ச்சல் மாத்திரை) போட்டுக்கொண்டு போனேன். மறுநாள் நான் எழுந்திருக்கவே முடியவில்லை, நாலு நாளில் அவருக்கும் காய்ச்சல். என்னால்தானா என்று யாராலும் சொல்ல முடியாதுதான், ஆனாலும் உறுத்துகிறது. மாத்திரை சூட்டைத்தான் இறக்கும், தொற்றை நிறுத்தாது. மாத்திரை போடாமலேயே 24 மணி நேரமாவது காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும், இருமல் தும்மல் இருந்தால் அப்போதும் போகாதீர்கள். ஃப்ளூ அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்னாலேயே பரவ ஆரம்பித்து, பிறகு 5 முதல் 7 நாள் வரை பரவும். அதனால் வீட்டில் வேறு யாராவது படுத்திருந்தாலும், நீங்கள் நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும், அந்த வாரம் போனில் பேசிக்கொள்ளுங்கள்.

குழந்தைகளைக் கூட்டிப்போவது அடுத்தது. பேரனைப் பார்த்தால் ஆயாவுக்குத் தெம்பு வரும், உண்மைதான். ஆனால் பெரியவர்களைவிடக் குழந்தைகள் அதிக நாள் வைரஸைப் பரப்புவார்கள், அதோடு எதைத்தான் தொடாமல் இருப்பார்கள்?

மாஸ்க்கைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதே சலிப்பாக இருக்கிறது. வாசலில் ஒழுங்காகப் போட்டுக்கொள்வோம், ஆயாவுக்குக் காது மந்தம் என்பதால் பக்கத்தில் போனதும் தாடைக்கு இறக்கிவிட்டு முகத்துக்கு நேரே குனிந்து கத்துவோம். கத்தும்போதுதான் எச்சில் துளி அதிகம் தெறிக்கும். மாஸ்க்கோடு காதருகே பேசுங்கள், இல்லையென்றால் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டுங்கள்.

கை விஷயத்தில் ஒரு நுணுக்கம். ஜெல் நல்லதுதான், 60 சதவீதமாவது ஆல்கஹால் இருக்க வேண்டும். ஆனால் காரில் சமோசா தின்ற எண்ணெய்க் கையிலோ, விபூதி அப்பிய கையிலோ ஜெல் சரியாக வேலை செய்யாது. சோப்புப் போட்டு 20 வினாடி கழுவத்தான் வேண்டும், உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும். கட்டில் கம்பி மாதிரி வழவழப்பான பரப்பில் வைரஸ் ஒன்றிரண்டு நாள்கூட உயிரோடு இருக்கும். அப்புறம் அந்த போன்! ஜோகன்னஸ்பர்க் மாமா வீடியோ காலில் வந்ததும் ஆளாளுக்குக் கை மாறி, கடைசியில் ஆயாவின் கன்னத்தில் போய் ஒட்டும். ஒருவரே பிடித்துக் காட்டினால் போதாதா?

கட்டிலில் உட்காராதீர்கள். கோயில் பிரசாதத்தை வார்டு முழுக்கப் படுக்கை படுக்கையாக விநியோகிக்காதீர்கள், அது மரியாதை என்று நினைத்தாலும்.

தடுப்பூசியை ஆஸ்பத்திரிக்குப் போகிற வாரத்தில் நினைத்துப் பிரயோஜனமில்லை, பாதுகாப்பு வர ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். குளிருக்கு முன்பே போடுங்கள். 65 வயது தாண்டியவர்கள், கர்ப்பிணிகள், நெஞ்சு, நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு அரசு கிளினிக்கில் காசு இல்லாமல் போடுகிறார்கள். இங்கே ஃப்ளூவால் ஆண்டுக்கு 6,000 முதல் 11,000 பேர் சாகிறார்கள் என்பது தேசியத் தொற்றுநோய் நிறுவனத்தின் மதிப்பீடு, அதில் பாதிப்பேர் வயதானவர்கள்.

ஆக, வீட்டுக்கு ஒருவர், உடம்பு நன்றாக இருப்பவர், கால் மணி நேரம். மற்றவர்கள் கூழைத் தூக்கில் கொடுத்தனுப்புங்கள். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று கணக்கு வைக்கிற ஆன்ட்டிகளுக்கு நானே போன் போட்டுச் சொல்லிவிடுகிறேன்.