குடும்பத்தோடு தூண்டில் போட அலுமினியப் படகு: நீளத்துக்கு முன்னால் அகலத்தைப் பாருங்கள்

கப்பலூர்ப் பக்கம் எனக்கு ஒரு ஆர்கான் வெல்டிங் பட்டறை இருக்கிறது. கண்மாய்க் குத்தகைக்காரர்கள் ஒழுகும் அலுமினியப் படகை ஒட்டுப்போடக் கொண்டுவருவார்கள். இப்போது, "ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு போக ஒரு படகு வேணும்ண்ணே, எத்தனை அடி வாங்கலாம்?" என்று கேட்டும் ஆட்கள் வருகிறார்கள். நான் டேப்பைக் குறுக்கேதான் முதலில் பிடிப்பேன்.

சிறிய படகுக்கு அமெரிக்கக் கடலோரக் காவல்படை சொல்லும் எளிய கணக்கு ஒன்று உண்டு. நீளத்தையும் அகலத்தையும் அடியில் பெருக்கி 15ஆல் வகுத்தால், எத்தனை பேர் ஏறலாம் என்று தெரியும். 12 அடி நீளம், 4 அடி அகலம் என்றால் 3 பேர். 14க்கு 5 என்றால் 4 பேர். புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகளுக்கு இது போதும். கரையில் நிற்கும் மச்சானையும் "ஏறுங்க மாப்ள" என்று கூப்பிடாதீர்கள். இந்தக் கணக்கே அலையில்லாத நாளுக்குத்தான்.

அடுத்தது அடிப்பாகம். கண்மாய்க்குத் தட்டை அடி போதும். முழங்கால் தண்ணீரிலும் மிதக்கும், பிள்ளைகள் இடம் மாறி உட்கார்ந்தாலும் சட்டென்று சாயாது. ஆனால் அலை வந்தால் படார் படாரென்று அடிக்கும். வைகை அணை போல 71 அடி வரை தேங்கும் அகன்ற நீரில், ஆடிக் காற்று எழும் நாளில் அதை நம்ப முடியாது. அங்கே அலையைக் கிழித்துப் போகும் கூர் அடிதான் சரி. ஏறும்போது கொஞ்சம் ஆடும், பழகிவிடும். அணையோ கண்மாயோ, அனுமதி வாங்காமல் படகை இறக்கக் கூடாது. கண்மாயில் மீன் குத்தகைக்காரரையும் கேட்டுவிடுங்கள்.

ரிவிட் அடித்ததா, வெல்டிங் செய்ததா? நம் கண்மாய்களில் தண்ணீருக்குள் சீமைக் கருவேலங்கட்டை குத்திட்டு நிற்கும். அதற்கு 2.5 அல்லது 3 எம்.எம். தகட்டில் வெல்டிங் செய்த படகையே சொல்வேன். வெல்டிங்காரன் வேறென்ன சொல்வான் என்று நினைக்கலாம், நினையுங்கள். குட்டியானையில் ஏற்றி, இரண்டு பேர் தூக்கி இறக்கவேண்டும் என்றால் மெல்லிய தகட்டு ரிவிட் படகுதான் வசதி.

பழைய படகு என்றால் காசு கொடுக்குமுன் இதைச் செய்யுங்கள். நான்கைந்து இடத்தில் மரக்கட்டை கொடுத்துப் படகைத் தூக்கி வையுங்கள். அடைப்பானைப் போட்டு, ஹோஸில் நான்கு விரற்கடை தண்ணீர் விடுங்கள்; அதற்கு மேல் வேண்டாம், பாரத்தில் தகடு வளையும். அடிப்பக்கத்தை உலரத் துடைத்துவிட்டு, குனிந்து டார்ச் அடித்துப் பாருங்கள். தளர்ந்த ரிவிட்டின் தலையைச் சுற்றி முதலில் ஈரவளையம் தெரியும், அப்புறம் சொட்டு திரளும். அங்கே மார்க்கரால் வட்டம் போடுங்கள். பெயிண்டுக்கு அடியில் எம்-சீல் அப்பியிருந்தால் சுரண்டிப் பாருங்கள். அதைச் சுத்தமாக எடுக்காமல் வெல்டிங் பிடிக்காது, செலவு ஏறும். மோட்டார் மாட்டும் பின்பலகையையும் தட்டிப் பாருங்கள். பொத்தென்று சத்தம் வந்தால் உள்ளே மரம் உளுத்திருக்கிறது.

இருக்கைக்கு அடியில் ஃபோம் இருக்கிறதா என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். தண்ணீர் புகுந்தால் வெறும் அலுமினியம் மூழ்கிவிடும். லைஃப் ஜாக்கெட் ஆளுக்கு ஒன்று; பிள்ளைகளுக்குக் கால் இடுக்கில் வார் மாட்டும் வகை. தரையில் ரப்பர் பாய் விரித்தால் சித்திரை வெயிலில் கால் சுடாது, பெட்டி விழுந்தாலும் மீன் கலையாது.

தொண்டி, தேவிபட்டினம் பக்கம் உப்புத் தண்ணீரில் இறக்கினால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். செம்புக் கம்பி, செம்புக் காசு எதுவும் படகுக்குள் ஈரத்தில் கிடக்கக் கூடாது, தகடு அரித்துவிடும். வீட்டில் ஈரச் சிமெண்டுத் தரைமேல் வைக்காமல், மரக்கட்டைமேல் கவிழ்த்து வையுங்கள்.