பண்டிகை விடுமுறையில் குடும்பத்தோடு தீம் பார்க்: முதல்முறை போகிறவர்களுக்கான செய்முறை

பள்ளி விடுமுறையும் பண்டிகையும் சேர்ந்து வரும்போதுதான் வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் லீவு கிடைக்கிறது. எல்லாக் குடும்பங்களுக்கும் அதே நிலைமை என்பதால் தீம் பார்க்குகள் நிரம்பி வழிவதும் அந்த நாட்களில்தான். இந்த நேரத்தில் போகிறவர்கள் எதைப் பார்க்கப் போகிறோம் என்பதோடு, எதை விட்டுவிடப் போகிறோம் என்பதையும் வீட்டிலேயே பேசி முடித்துவிட வேண்டும். அதைச் செய்துவிட்டாலே பாதி அலைச்சல் குறையும்.

படி 1: தேதியைப் பிடியுங்கள்

கிறிஸ்துமஸ் முதல் ஜனவரி 1 வரையிலான வாரம்தான் உச்சகட்டக் கூட்டம். அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் உள்ள டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பார்க்கில், இந்த வாரத்தில் இடம் நிரம்பி, வாசலிலேயே ஆட்களை நிறுத்தியதும் உண்டு. டிசம்பர் முதல் இரண்டு வாரங்களில் போக முடிந்தால் போய்விடுங்கள். அதே அலங்காரம், அதே விளக்குகள். கூட்டம் மட்டும் குறைவு. ஆனால் அந்த வாரங்களில் சில இரவுகளில் தனி டிக்கெட் வாங்கியவர்களுக்கு மட்டும் கிறிஸ்துமஸ் விருந்து நடக்கும். சாதாரண டிக்கெட்காரர்கள் அன்று சாயங்காலமே வெளியேற வேண்டியிருக்கும். பார்க்கின் காலண்டரில் மூடும் நேரத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நம் விடுமுறையை மட்டும் பார்த்தால் போதாது, பார்க் இருக்கும் நாட்டின் விடுமுறையையும் பார்க்க வேண்டும். டோக்கியோ டிஸ்னிக்கு ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும் வரும் கோல்டன் வீக் என்ற தொடர் விடுமுறை, ஷாங்காய் டிஸ்னிக்கு அக்டோபர் முதல் வாரம், இரண்டுமே தவிர்க்க வேண்டிய நாட்கள்.

படி 2: டிக்கெட், ஆப்

டிக்கெட்டை பார்க்கின் சொந்தத் தளத்திலேயே முன்கூட்டி வாங்குங்கள். பார்க்கின் மொபைல் ஆப்பை வீட்டிலேயே இறக்கி, எல்லோருடைய டிக்கெட்டையும் ஒரே கணக்கில் சேர்த்துவிடுங்கள். சிறு குழந்தைக்கு டிக்கெட் தேவையா என்றும் பாருங்கள்: அமெரிக்க டிஸ்னி பார்க்குகளில் 3 வயதுக்குக் கீழ் இலவசம், டோக்கியோவில் 3 வயதுவரை இலவசம்.

படி 3: குழந்தையின் உயரத்தை அளந்துவிட்டுப் பட்டியல் போடுங்கள்

எல்லாவற்றையும்விட முக்கியமான படி இதுதான். பெரிய ரைடுகளின் வாசலில் ஓர் அளவுகோல் இருக்கும். குழந்தையை அதன் அருகே நிறுத்துவார்கள். தலை கோட்டைத் தொடவில்லை என்றால் எவ்வளவு கெஞ்சினாலும் உள்ளே விட மாட்டார்கள், விடவும் கூடாது. மேஜிக் கிங்டமில் செவன் டுவார்ஃப்ஸ் மைன் ட்ரெயினுக்கு 97 செ.மீ., ஸ்பேஸ் மவுண்டனுக்கு 112 செ.மீ., ட்ரானுக்கு 122 செ.மீ. வேண்டும். ஆர்லாண்டோவிலேயே உள்ள இன்னொரு தீம் பார்க்கான யுனிவர்சலின் வெலாசிகோஸ்டருக்கு 130 செ.மீ. பல நாளாக ஆசையாகக் காத்திருந்த குழந்தைக்கு அந்தக் கோட்டுக்கு முன்னால் ஏமாற்றம் வருவதைவிட, வீட்டுச் சுவரில் அளந்து பார்த்து, "இது அடுத்த தடவை" என்று சொல்லிவிடுவது எவ்வளவோ மேல்.

அப்புறம் ஆளுக்கு ஒரு ரைடு கேளுங்கள். "கட்டாயம் வேண்டும்" என்று ஒன்றே ஒன்று. தாத்தா பாட்டிக்கும் ஒரு வாக்கு உண்டு. அந்த நான்கைந்துதான் உங்கள் நாள். மற்றதெல்லாம் கிடைத்தால் லாபம்.

கைக்குழந்தை இருந்தால் டிஸ்னியில் ரைடர் ஸ்விட்ச், யுனிவர்சலில் சைல்டு ஸ்வாப் என்று கேளுங்கள். ஒருவர் ரைடு போகும்போது மற்றவர் குழந்தையோடு இருந்துவிட்டு, பிறகு வரிசையில் முதலிலிருந்து நிற்காமல் போகலாம். இதற்குக் கட்டணம் கிடையாது. வாசலில் நிற்கும் ஊழியரிடம் நாமே கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

படி 4: காசு கொடுத்து வரிசையைத் தாண்டலாமா?

தனிக் கட்டணம் கட்டிச் சீக்கிரம் நகரும் வரிசையில் போகும் வசதிக்கு டிஸ்னியில் லைட்னிங் லேன் என்று பெயர், யுனிவர்சலில் எக்ஸ்பிரஸ் பாஸ். உச்ச வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் வாங்கலாம் என்பதே என் கருத்து. இரண்டு மூன்று நாள் இருந்தால் சீக்கிரம் எழுந்து போவதே போதும். மேஜிக் கிங்டம் இருக்கும் ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டில் லைட்னிங் லேனை, அங்கேயே உள்ள டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்கள் 7 நாள் முன்பும், மற்றவர்கள் 3 நாள் முன்பும் பதிவு செய்யலாம். பண்டிகை நாட்களில் நல்ல நேரங்கள் சீக்கிரமே தீர்ந்துவிடும்.

படி 5: அன்றைய நாள்

திறக்கும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே வாசலில் இருங்கள். பை சோதனை, டிக்கெட் வாசல் என்று இரண்டு வரிசைகள் அங்கேயே காத்திருக்கும். உள்ளே போனதும் கடைகளையும் கோட்டையையும் பார்த்து நிற்காதீர்கள், போட்டோ சாயங்காலம் எடுத்துக்கொள்ளலாம். பட்டியலில் எந்த ரைடுக்கு மதியம் நீளமான வரிசை இருக்குமோ, நேராக அதற்கு நடங்கள். முதல் ஒன்றரை மணி நேரத்தில் முடிகிற வேலையை மதியத்தில் அரை நாள் நின்றாலும் முடிக்க முடியாது.

பதினொன்றிலிருந்து நான்கு மணிவரை கூட்டத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். மேடை நிகழ்ச்சிகள், குளிரூட்டிய அரங்குகள், ஓயாமல் ஆள் ஏற்றும் ரைடுகள் இவற்றுக்குப் போங்கள். மேஜிக் கிங்டமின் ஹாண்டட் மேன்ஷனில் வண்டிகள் நிற்காமல் ஓடிக்கொண்டே இருப்பதால், வரிசை நீளமாகத் தெரிந்தாலும் நகர்ந்துகொண்டே இருக்கும். சாப்பாட்டை 11 மணிக்கே முடித்துவிடுங்கள், இல்லையென்றால் இரண்டரைக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். ஹோட்டல் பக்கத்தில் இருந்தால் மதியம் திரும்பிப் போய்க் குழந்தைகளைத் தூங்க வையுங்கள். ரைடு போய்விடுமே என்று பதற வேண்டாம். தூங்கி எழுந்த குழந்தை இரவு வாணவேடிக்கை வரை தாங்கும்.

இரவில் அணிவகுப்பும் வாணவேடிக்கையும் நடக்கும்போது ரைடு வரிசைகள் சுருங்கும். விட்டுப்போனது ஏதாவது இருந்தால் அப்போது பிடிக்கலாம்.

படி 6: தொலைந்து போனால்

காலையில் கிளம்பியதும் குழந்தைகளையும், வண்டியை நிறுத்தியதும் அந்த இடத்தையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தை அன்று போட்டிருக்கும் உடையின் நிறம் பதற்றத்தில் நினைவுக்கு வராது. உங்கள் போன் நம்பரைக் குழந்தையின் கையில் பேனாவால் எழுதுங்கள். பெயர்ப்பட்டை மாட்டிய ஊழியரைக் காட்டி, "என்னைக் காணவில்லை என்றால் இப்படிப் பட்டை போட்டவரிடம் போ" என்று சொல்லிக்கொடுங்கள். ஆப், கேமரா, டிக்கெட் எல்லாம் போனிலேயே இருப்பதால் பவர் பேங்க் கட்டாயம் வேண்டும்.

வாணவேடிக்கை முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் வாசலுக்குப் பாய்வார்கள். அரை மணி நேரம் உள்ளேயே ஓர் ஓரமாக உட்கார்ந்துவிட்டு, வண்டி நிறுத்திய இடத்தைக் காலையில் எடுத்த போட்டோவில் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.