ரைபிளின் ஃபிளாஷ் ஹைடரைச் சோதித்துப் பார்ப்பது எப்படி

ரைபிள் சுடும்போது குழல்வாயில் தோன்றும் வெளிச்சத்தைக் குறைப்பதற்காக மாட்டப்படும் சிறு உலோகக் கருவியே ஃபிளாஷ் ஹைடர். இதை வாங்கியவர்களில் பலர் பகலில் நான்கைந்து தோட்டாக்களைச் சுட்டுவிட்டு, வெளிச்சம் ஒன்றும் தெரியவில்லை என்று மனநிறைவு அடைந்துவிடுகிறார்கள். பகலில் கருவி மாட்டாத வெறுங்குழலிலும் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது என்பதால், அந்தச் சோதனையிலிருந்து எந்த முடிவுக்கும் வர இயலாது. இருட்டில், வெறுங்குழலோடு ஒப்பிட்டு, ஒரே வகைத் தோட்டாவைக் கொண்டு பார்த்தால்தான் கருவியின் உண்மையான திறன் தெரியும்.

எதை அளக்கப் போகிறோம் என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். குண்டு வெளியேறியவுடன் குழல்வாயை ஒட்டிச் சிறிதாக ஒளிர்வது, சூடான வாயுவின் முதல் சுடர். அதற்கு அப்பால் சிறிது இருண்ட இடைவெளி தெரியும். விரிந்து குளிர்ந்த வாயு அந்த இடைவெளியின் முடிவில் ஓர் அதிர்வலையில் மோதி மீண்டும் சூடேறுவதால் இடைச்சுடர் உண்டாகிறது. வெடிமருந்து எரிந்து முடிந்த வாயுவில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் எஞ்சியிருக்கும். இவை வெளிக்காற்றின் ஆக்சிஜனோடு கலந்து பற்றிக்கொள்ளும்போது பெரிய தீப்பந்தாக எழுவது இரண்டாம் சுடர். கண்ணைக் கூச வைப்பது பெரும்பாலும் இதுவே. ஃபிளாஷ் ஹைடரின் கிளைகளும் பிளவுகளும் அந்த அதிர்வலை ஒழுங்காக உருவாவதைக் குலைத்து, இரண்டாம் சுடர் பற்றாமல் தடுக்கின்றன. முதல் சுடரை எந்தக் கருவியாலும் முற்றிலும் நீக்க முடியாது. ஆகவே சிறிது ஒளி தெரிந்தாலே கருவி பழுது என்று எண்ணிவிடக் கூடாது.

இதே காரணத்தால் தோட்டாவும் குழலின் நீளமும் முடிவை மாற்றிவிடும். குழல் குட்டையானால் வாயு அதிக அழுத்தத்தோடும் சூட்டோடும் வெளியேறுவதால் சுடர் பெருகும். சில வெடிமருந்துகளில் சுடரைக் குறைப்பதற்கென்றே பொட்டாசியம் உப்புகள் சேர்க்கப்பட்டிருக்கும். அத்தகைய தோட்டாவில் எல்லாக் கருவிகளும் நன்றாகவே தோன்றும். எனவே சோதனை முழுவதற்கும் ஒரே தயாரிப்புத் தொகுதியைச் சேர்ந்த தோட்டாக்களை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இக்கருவியைச் சட்டம் சில இடங்களில் கட்டுப்படுத்துவதால், மாட்டுவதற்கு முன்பே உங்கள் பகுதியின் விதியைக் கேட்டறிய வேண்டும். சோதனையை அனுமதி பெற்ற சுடுதளத்தில், பொறுப்பாளரின் கண்காணிப்பில் மட்டுமே செய்ய வேண்டும். ரைபிளைத் தாங்கியில் இறுக்கி, குழல் மண்மேட்டை நோக்கியிருப்பதை வெளிச்சத்திலேயே உறுதி செய்துகொள்ள வேண்டும். தோட்டா ஏற்றுவதும் வெளிச்சத்தில்தான் நடக்க வேண்டும். விளக்கை அணைத்த பிறகு யாரும் இடம் மாறக் கூடாது. கண்ணாடியும் காது மூடியும் அங்கிருக்கும் அனைவருக்கும் கட்டாயம்.

கருவியை மாட்டும் வேலையில் அவசரம் கூடாது. அதன் துளை உங்கள் குண்டின் விட்டத்துக்கு ஏற்றதா, மரை குழலின் மரையோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். 5.56 மி.மீ. ரைபிள்கள் பலவற்றில் அரை அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 28 சுற்றும் கொண்ட மரை இருக்கும். ஏகே வகை ரைபிள்கள் பலவற்றில் 14 மி.மீ. இடக்கை மரை இருக்கும். கையால் திருகும்போதே மரை வழுவழுவென்று ஏற வேண்டும். இடையில் பிடித்தால் ஸ்பேனரால் வலிந்து ஏற்றாமல் கழற்றிப் பாருங்கள். பிறகு ரைபிள் காலியாக இருப்பதை இருமுறை சரிபார்த்து, போல்ட்டைத் திறந்து வைத்து, குழலின் உள்விட்டத்துக்குச் சரியாகப் பொருந்தும் நேரான எஃகுக் கம்பியை முன்பக்கமிருந்து செலுத்துங்கள். கருவியின் துளைக்கு நடுவில் கம்பி நிற்கிறதா, சுற்றிலும் இடைவெளி ஒரே அளவாக இருக்கிறதா என்று நேர் எதிரே வெள்ளைத் தாளை வைத்துப் பார்க்கலாம். இடைவெளி ஒரு பக்கம் குறுகித் தெரிந்தால் கம்பியை மெல்லச் சுழற்றுங்கள்: குறுகல் கம்பியோடு சேர்ந்து சுற்றினால் கம்பி வளைந்திருக்கிறது, அதே இடத்தில் நின்றால் கருவி கோணலாக அமர்ந்திருக்கிறது. கோணலாக அமர்ந்த கருவியோடு சுடுவது ஆபத்து. சோதித்தவுடன் கம்பியை உருவி, எல்லோருக்கும் தெரியும்படி மேசைமேல் வையுங்கள்.

சுடரைப் பதிவு செய்ய வீடியோவை நம்பாதீர்கள். சுடரின் ஆயுள் சில மில்லி விநாடிகள்தான். நொடிக்கு 30 படம் எடுக்கும் கேமராவின் ஷட்டர் 60இல் ஒரு பங்கு நொடி திறந்திருந்தால், நேரத்தில் பாதி அது மூடியே கிடக்கிறது. பெரிய சுடர்களும் அந்த இடைவெளியில் தப்பிவிடும். அதற்குப் பதிலாக, நிலைப்படக் கேமராவை முக்காலியில் குழல்வாய்க்குப் பக்கவாட்டில், செங்கோணத்தில் நிறுத்தி, முழு இருட்டில் ஷட்டரை இரண்டு மூன்று நொடி திறந்து வைத்து, அதற்குள் ஒரு முறை சுட வேண்டும். அப்போது சுடர் முழுவதும் ஒரே படத்தில் சேர்ந்துவிடும். கேமராவை வைத்தவர் சுடும் கோட்டுக்குப் பின்னால் வந்த பிறகு, ஷட்டரைத் தொலைவிலிருந்தே இயக்க வேண்டும். ஃபோகஸ், ஐஎஸ்ஓ, லென்ஸ் துளை, வண்ணச் சமநிலை ஆகிய அனைத்தையும் கைமுறையில் நிலைநிறுத்துங்கள். வெறுங்குழலின் சுடர் வெளுத்துப் போகாத அளவுக்கு ஒளியைச் சரிசெய்துவிட்டு, அதன்பின் எதையும் தொடாதீர்கள். அளவுகோல் ஒன்றைக் குழலருகே பிடித்து வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துக்கொண்டால், பின்னால் சுடரின் நீளத்தை அளக்க உதவும்.

வெறுங்குழலில் பத்து முறை, கருவியோடு பத்து முறை, மீண்டும் வெறுங்குழலில் ஐந்து முறை என்ற வரிசை எனக்குப் பிடித்தமானது. கடைசி ஐந்தும் முதல் பத்தைப் போல இல்லாவிட்டால், இடையில் ஏதோ மாறிவிட்டது என்று பொருள். அந்தப் பதிவை ஒதுக்கிவிட்டு மீண்டும் தொடங்குவதே நேர்மை. இரண்டு சுடுகைகளுக்கு இடையே ஒரே அளவு நேரம் விடுவதும், கருவியைத் தொடுமுன் அது ஆறும்வரை காத்திருப்பதும் அவசியம். கருவிக்கும் குழலுக்கும் இடையே இடும் வாஷர்களில் நசுங்கும் வகையை ஒருமுறைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்பதால், கழற்றி மாட்ட நேரும் சோதனைக்குத் தகட்டு வாஷர்களே ஏற்றவை.

கேமரா சொல்லாததைக் கண் சொல்லும். மனிதக் கண் இருட்டுக்கு முழுமையாகப் பழக ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகும். அவ்வாறு பழகிய ஒருவரைச் சுடுபவரின் பின்னால் அமர்த்தி, மங்கலாகத் தெரியும் சாம்பல் நிற அட்டையொன்றைப் பக்கச் சுவரில் மாட்டி வையுங்கள். சுட்ட பிறகு எத்தனை நொடியில் அந்த அட்டை மறுபடி தெரிகிறது என்று அவர் சொல்லட்டும். சுடுபவருக்கு இருட்டுப் பார்வை எவ்வளவு மிஞ்சுகிறது என்பதை இதைவிட நேராகக் காட்டும் சோதனையை நான் அறியேன்.

படங்களை மதிப்பிடும்போது, எது எந்த நிலையில் எடுத்தது என்று தெரியாதபடி கலைத்து இன்னொருவரிடம் கொடுங்கள். சராசரியை மட்டும் பார்க்காமல், பத்தில் மிகப் பெரிய சுடரையும் தனியே குறித்துக்கொள்ளுங்கள். ஒன்பது முறை அடங்கி ஒரு முறை தீப்பந்தாக எழும் கருவி, அந்த ஒரு முறையிலேயே இருட்டுப் பார்வையைக் கெடுத்துவிடும்.

பகலில் செய்ய வேண்டியது இன்னும் இரண்டு உண்டு. 100 மீட்டரில் கருவியோடும் கருவியின்றியும் ஐந்தைந்து குண்டுகள் சுட்டு, குறி எவ்வளவு நகர்கிறது என்று பார்த்து, பார்வைக்கருவியைத் திருத்திக்கொள்ள வேண்டும். அடுத்து, வறண்ட மண்ணில் படுத்த நிலையில் சுட்டு, தூசி எழுகிறதா என்று கவனிக்க வேண்டும். எம்16ஏ2 ரைபிளின் கூண்டு வடிவக் கருவியில் அடிப்பக்கப் பிளவுகள் அடைக்கப்பட்டிருப்பது இந்தத் தூசியைக் குறைக்கவும்தான். உங்கள் கருவியும் அவ்வகையாக இருந்தால், அடைத்த பக்கம் நேர் கீழே வரும்படி வாஷரைச் சரிசெய்த பிறகே கடைசி முறையாக இறுக்குங்கள்.