"சொல்லிவிட ஆள் இல்லை" என்பவர்களுக்கு: அறிமுகங்களைத் தேடிக்கொள்ளும் முறை, படிப்படியாக

காரைக்குடியில் வேலை தேடும் பிள்ளைகள் பலரும் ரெஸ்யூமைத் திருத்தித் தரச் சொல்லித்தான் என்னிடம் வருவார்கள். பேச்சு நீண்டால் ஒரு வார்த்தை வந்துவிடும்: "எங்களுக்குன்னு சொல்லிவிட ஆள் யாரும் இல்லைங்க சார்." கல்லல், புதுவயல், தேவகோட்டை என்று சுற்றுவட்டாரத்திலிருந்து பஸ் ஏறி வந்து படிக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிகள்தான் இதை அதிகம் சொல்கிறார்கள். அவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

பர்மா, மலாயா, சிங்கப்பூர் என்று செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன காலத்தில், எடுபிடி வேலைக்குப் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாள் என்ற உதவியாளாகி, கடையைப் பார்த்துக்கொள்ளும் மேலாளாகிறவரை உறவும் ஊர்ப் பழக்கமும் துணை நின்றன. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் கிட்டங்கி எனப்பட்ட தொழிற்கூடங்களில் பல பேர் ஒரே கூடத்தில் ஆளுக்கொரு பெட்டி போட்டுத் தொழில் செய்தார்கள். பக்கத்துப் பெட்டிக்காரரே செய்தியும் சொல்வார். அந்த வளையத்துக்குள் பிறந்தவர்களுக்கு அது தானாகக் கிடைத்தது, மற்றவர்களுக்குக் கிடைக்கவில்லை. இன்று அப்படி ஒரு வளையத்தை யாரும் தாமாகவே உண்டாக்கிக்கொள்ளலாம். நெட்வொர்க்கிங் என்று சொல்வது அதைத்தான்.

முதல் படி: நோட்டில் பெயர்களை எழுதுங்கள்

போனைத் தொட வேண்டாம். ஒரு நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: பெயர், என்ன வேலை, எப்படித் தெரியும். நெருங்கிய உறவினர், உயிர் நண்பர்களோடு நிறுத்திவிடாதீர்கள். அவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் உங்களுக்கும் தெரிந்திருக்கும். இரண்டு வருடம் முன்னால் படித்து முடித்த சீனியர், டியூஷன் எடுத்த அக்கா, அப்பா வேலை பார்க்கும் கடைக்குக் கணக்கு எழுத வரும் ஆடிட்டர், தெருவில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டுக்குக் கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்) என்றால் மட்டும் சென்னையிலிருந்து வருகிற குடும்பம். அரைகுறையாகத் தெரிந்த இவர்கள்தான் முக்கியம்.

இது என் ஊகம் இல்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம் "அவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள்?" என்று கேட்டார். அடிக்கடி பார்ப்பவர் என்றவர்கள் 100-க்கு 17 பேர் போலத்தான். எப்போதாவது என்றவர்கள் 55-க்கும் மேல். மீதி 28 பேர் போல, வருடத்துக்கு ஒருமுறையோ அதற்கும் குறைவாகவோ பார்ப்பவர் என்றார்கள். அவர் கேட்டது சிறு கூட்டத்தைத்தான். ஆனால் 2022-இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு, வேலைத் தொடர்புகளுக்கான லிங்க்ட்இன் தளத்தில் சுமார் 2 கோடிப் பேரை ஐந்து வருடக் கணக்கில் பார்த்துவிட்டு ஏறக்குறைய அதையே சொன்னது: வேலை மாற அதிகம் உதவியது ஓரளவு மட்டும் பழக்கமுள்ளவர்கள்.

ஆகவே "அவரை அவ்வளவாத் தெரியாதே" என்று தோன்றும் பெயரை அடிக்காதீர்கள்.

இரண்டாம் படி: லிங்க்ட்இன் கணக்கு

இதில் நாள் கணக்காக உட்கார வேண்டியதில்லை. முகம் தெளிவாகத் தெரியும் படம் ஒன்று போடுங்கள். செல்ஃபி வேண்டாம். பெயருக்குக் கீழே வரும் ஹெட்லைனில் வெறும் 'ஸ்டூடண்ட்' என்று விடாமல், என்ன படிக்கிறீர்கள், என்ன வேலை பழகியிருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். 220 எழுத்து வரை இடம் இருக்கிறது. செய்யாததைச் செய்ததாக எழுத வேண்டாம். நேர்காணலில் முதல் கேள்வியே அதில்தான் வரும்.

பலர் கவனிக்காத ஒன்று, உங்கள் கல்லூரியின் பக்கத்தில் இருக்கும் 'அலும்னி' பகுதி. பழைய மாணவர்கள் எந்த ஊரில், எந்த நிறுவனத்தில், என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று அதில் பிரித்துப் பார்க்கலாம். சென்னை, கோயம்புத்தூர், பெங்களூரு என்று மாற்றி மாற்றிப் பாருங்கள். உங்கள் வகுப்பறையில் உட்கார்ந்து படித்துப் போனவர்கள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று தெரியும்போது ஒரு தைரியம் வரும். அதில் ஐந்தாறு பெயரை நோட்டில் சேருங்கள்.

மூன்றாம் படி: முதல் மெசேஜ்

பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். வழக்கமாக அனுப்புவது இது:

"சார், ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க. ரெஸ்யூம் அனுப்பியிருக்கேன்."

படிப்பவர் நல்லவராகவே இருக்கட்டும், அவரால் என்ன செய்ய முடியும்? அவர் கையில் வேலை இல்லை. இல்லை என்று சொல்லவும் சங்கடம். பேசாமல் இருந்துவிடுகிறார். அதனால் வேலை கேட்காதீர்கள், வழி கேளுங்கள். வழி சொல்ல யாரும் தயங்குவதில்லை. இப்படி எழுதிப் பாருங்கள்:

"வணக்கம் அக்கா. நம்ம காலேஜில் பி.காம் இறுதியாண்டு படிக்கிறேன், ஊர் கல்லல். லீவில் இங்கே ஒரு ஆடிட்டர் ஆபீஸில் ஜிஎஸ்டி ரிட்டர்ன் வேலை பழகினேன். நீங்கள் ஆடிட்டிலிருந்து கம்பெனி அக்கவுண்ட்ஸுக்கு மாறியிருப்பதைப் பார்த்தேன். அதற்கு என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்க 15 நிமிடம் கிடைக்குமா? ஞாயிறு உங்களுக்கு வசதியான எந்த நேரமும் சரி."

ஊரும் கல்லூரியும் யார் என்று சொல்லிவிடுகின்றன. ஜிஎஸ்டி வேலை பழகியதைச் சொல்லும் வாக்கியம், சும்மா இருக்கும் ஆள் இல்லை என்று காட்டுகிறது. அவருடைய மாற்றத்தைக் குறிப்பிட்டதால் இது நூறு பேருக்குப் போன மெசேஜ் இல்லை என்று அவருக்குப் புரியும். நேரத்துக்கும் அளவு வைத்தாயிற்று. நாலைந்து வருடம் மூத்தவரை அண்ணா, அக்கா என்றே அழைக்கலாம். அதற்கு மேல் வயது, பதவி என்றால் சார், மேடம்.

ஒரு சின்ன விவரம்: லிங்க்ட்இன் இலவசக் கணக்கில் கனெக்ட் (இணைப்புக் கோரிக்கை) கொடுக்கும்போது சேர்க்கும் குறிப்புக்கு 200 எழுத்துதான் இடம், அதுவும் மாதத்துக்குச் சில பேருக்கு மட்டும். தமிழில் எழுதினால் 'கி' போன்ற எழுத்து இரண்டாகக் கணக்காகும். அதனால் முதல் குறிப்பில் கல்லூரி, ஊர், எதற்காக என்பதை மட்டும் சொல்லிவிட்டு, அவர் ஏற்றுக்கொண்ட பின் முழு மெசேஜை அனுப்புங்கள்.

பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கு மேல் வேண்டாம். அடுத்த பெயருக்குப் போங்கள்.

நான்காம் படி: பேசும்போது

முன்கூட்டியே மூன்று கேள்வி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "ஒரு சாதாரண நாளில் உங்கள் வேலை எப்படிப் போகும்?" "புதிதாகச் சேர்கிறவர்கள் எதில் திணறுகிறார்கள்?" "என் இடத்தில் நீங்கள் இருந்தால் இந்த ஆறு மாதத்தில் எதைக் கற்பீர்கள்?" சம்பளத்தை முதல் பேச்சில் கேட்க வேண்டாம். சொன்ன 15 நிமிடம் ஆனதும் நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். அவர் தொடர்ந்தால் கேட்டுக்கொண்டிருங்கள்.

கிளம்பும் முன் கட்டாயம் கேட்க வேண்டியது: "இதைப் பற்றி இன்னும் யாரிடம் பேசினால் நல்லதுங்க? உங்கள் பெயரைச் சொல்லிக்கொள்ளலாமா?" ஒரு அறிமுகம் இரண்டாகப் பெருகுவது இந்தக் கேள்வியில்தான். அனுமதி கிடைக்காமல் யார் பெயரையும் பயன்படுத்தக் கூடாது.

ஐந்தாம் படி: நேரில்

பொங்கல், கோயில் திருவிழா, கல்யாணம் என்றால் வெளியூரில் இருப்பவர்கள் இந்தப் பக்கம் வந்துவிடுகிறார்கள். பத்து நாள் முன்னதாகவே, "ஊருக்கு வரும்போது பார்க்கலாமாங்க?" என்று கேட்டு வையுங்கள். கல்யாண வீட்டில் ரெஸ்யூமை நீட்டாதீர்கள். பெயர், ஊர், படிப்பு, யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லி நம்பர் வாங்கிக்கொண்டால் போதும். மறுநாள் மெசேஜ் அனுப்புங்கள்.

வேதியியல், பொருள் அறிவியல் படிப்பவர்கள் தூரம் தேடிப் போகவே வேண்டாம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுக்க, 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியிலேயே இருக்கிறது. பேட்டரியும் உலோக அரிமானமும் அங்கே ஆராய்ச்சி. விஞ்ஞானி ஒருவரின் கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு, உங்களுக்குப் புரிந்ததையும் புரியாத ஒரு இடத்தையும் எழுதி, புராஜெக்ட் செய்ய வாய்ப்பு உண்டா என்று உங்கள் பேராசிரியர் மூலம் மெயில் அனுப்புங்கள்.

பணம் கேட்டால்

வேலைக்கு முன்பணம், 'டிரெயினிங் டெபாசிட்', ஓடிபி என்று எது கேட்டாலும் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். எவ்வளவு தெரிந்தவர் பெயரைச் சொல்லி வந்தாலும் சரி. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள். நம் பக்கத்தில் வளைகுடா, சிங்கப்பூர் ஆசை அதிகம். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்ட் பதிவு பெற்றவரா என்று அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். பதிவு பெற்றவர் சேவைக் கட்டணமாக வாங்கக்கூடிய உச்ச வரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான்.

கடைசிப் படி: நோட்டின் நான்காவது பத்தி

பேசிய அன்றே நன்றி மெசேஜ் அனுப்புங்கள், அவர் சொன்னதில் எதைச் செய்யப் போகிறீர்கள் என்பதையும் ஒரு வரி சேர்த்து. பிறகு நோட்டில் நான்காவது பத்தி போட்டு, பேசிய தேதியையும் அவர் சொன்னதையும் குறியுங்கள். இரண்டு மாதம் கழித்து, "நீங்கள் சொன்ன எக்செல் பாடத்தை முடித்துவிட்டேன் அக்கா" என்று தெரிவியுங்கள். வேலைக்கான கடிதம் வந்த நாளில் அந்தப் பத்தியில் இருக்கும் எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்லுங்கள், பொதுவாக ஸ்டேட்டஸ் போட்டு விட்டுவிடாமல்.